மச்சான் பிறந்த கதை

மாத்தளையில் இருந்து லக்கலவுக்குப் போகும் பஸ் ரத்தோட்டையைத் தாண்டியதும் மூச்சு வாங்கத் தொடங்கும். றிவஸ்டன் உச்சியில் காற்று கண்ணாடியை உலுக்கும். அதற்கப்புறம் பிட்டவல பத்தன, இலுக்கும்புர என்று இறங்கி இறங்கிப் பல்லேகமப் பக்கம் போய்ச் சேரும். களுகங்கை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய பல்லேகம நகரைப் பெயர்த்து வேறிடத்தில் நட்டுவிட்டார்கள். ஊர் இடம் மாறினாலும் பஸ்சில் ஏறும் முகங்கள் மாறவில்லை.

ஒருமுறை அந்த பஸ்சில் எனக்கு முன்னால் ஒரு சிங்களப் பெரியவர். பக்கத்து இருக்கையில் ஒரு லேஞ்சியை விரித்துப் போட்டிருந்தார். நின்றுகொண்டிருந்த ஒருவர் அதைப் பார்த்து முகம் சுளித்தபோது, "அபே மச்சாங் எனவா" என்றார். நம்ம மச்சான் வருகிறான் என்று அர்த்தம். ரத்தோட்டையில் ஏறினார் அந்த மச்சான். தோளில் கொறக்கா மூட்டை, வாயில் வெற்றிலை, பேச்சில் தோட்டத்துத் தமிழ். ஏறிய வேகத்தில் சொன்னார்: "இன்னும் உசுரோடதான் இருக்கியா மச்சான்?" பெரியவர் சிங்களத்தில், நேரத்துக்கு வரத் தெரியாதவன் என்று ஏசிக்கொண்டே லேஞ்சியை எடுத்து இடம் விட்டார்.

கொஞ்ச தூரம் போனதும் தமிழ்க்காரர் ஜன்னலில் தலைசாய்த்துத் தூங்கிவிட்டார். அப்போதுதான் பெரியவர் என் பக்கம் திரும்பினார். இவனைப் போல மிளகுக்கொடி மரத்தில் ஏறுகிறவன் இந்தப் பக்கத்தில் கிடையாது என்றார். இவன் கை பட்டால் காய்க்காத மரமும் காய்க்கும் என்றார். நாற்பது வருசமாகப் பார்க்கிறேன், ஒரு நாளும் கணக்கில் சதம் பிசகியதில்லை என்றார். இவ்வளவையும் மெல்லிய குரலில், தூங்குகிறவன் காதில் விழுந்துவிடக் கூடாதே என்ற கவனத்தோடு சொன்னார். இலுக்கும்புரவில் மச்சான் கண் விழித்ததும் பழையபடி ஏச்சு.

முகத்துக்கு நேரே ஏச்சு, முதுகுக்குப் பின்னால் புகழ்ச்சி. இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சொல்: மச்சான். அந்தச் சொல் அந்த இருக்கைக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதுதான் இந்தக் கதை.

*

முதலில் அந்தச் சொல் சுமக்கிற உணர்ச்சியைப் பார்த்துவிடுவோம். பள்ளிக்கூடத்தில் படித்த எவருக்கும் அது தெரியும். வகுப்பில் ஒருவன் 'க' எழுதும்போது மேல் வளைவை ஒரு மாதிரி இழுப்பான். மூன்று மாதத்தில் நம்முடைய 'க'வும் அப்படியே வளைந்திருக்கும். அவன் சட்டைக் கையை இரண்டு மடிப்பு மடித்தால் நாமும் இரண்டு மடிப்பு. அவன் பந்து போட ஓடிவரும்போது தலையை ஒருபக்கம் சாய்த்தால் நம் தலையும் சாயும். அவன் ஒரு நாள் வராவிட்டால் வகுப்பு காலி. அவன் இன்னொருவனோடு சிரித்துப் பேசினால் நெஞ்சில் ஒரு முள். காதலா என்று கேட்டால் சிரிப்போம். வெறும் நட்பா என்று கேட்டால், மற்ற நண்பர்களின் எழுத்தை நாம் ஏன் பார்த்து எழுதவில்லை என்ற கேள்வி வரும்.

பெண்பிள்ளைகளுக்கும் இதே கதைதான். மேல்வகுப்பு அக்கா ஒருத்தி பின்னலை முன்னால் போட்டுக்கொண்டு நடப்பாள். அடுத்த திங்கட்கிழமை ஏழு பேருடைய பின்னல் முன்னால் வந்திருக்கும்.

ஆணுக்கு ஆண் மேல், பெண்ணுக்குப் பெண் மேல் வருகிற, உடம்பைத் தேடாத இந்த மயக்கத்துக்கு ஐரோப்பா ஒரு தத்துவஞானியின் பெயரைக் கடன் வாங்கியது. 15ஆம் நூற்றாண்டில் புளோரன்ஸ் நகரில் வாழ்ந்த மார்சிலியோ பிசினோ, பிளேட்டோவை லத்தீனில் மொழிபெயர்த்தவர். காதலைப் பற்றிய பிளேட்டோவின் விருந்து உரையாடலுக்கு 1469இல் ஒரு விளக்கவுரை எழுதினார். பிளேட்டோவின் பெயரால் இந்த நேசத்துக்குப் பெயர் சூட்டியவர் என்று அவரைத்தான் சொல்வார்கள். அவர் அதை வெறும் ஏட்டறிவால் எழுதவில்லை. ஜொவானி கவல்காந்தி என்ற நண்பர் மேல் அவருக்கு அளவு கடந்த பிரியம். விளக்கவுரையில் பேசுகிறவர்களில் கவல்காந்தியும் ஒருவர். பிசினோ அவருக்கு எழுதிய கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. ஆங்கிலத்தில் அதன்பிறகு 'ப்ரோமான்ஸ்' வந்தது, இந்த நூற்றாண்டில் 'ஸ்குவிஷ்' என்று ஒரு புதுச் சொல்லும் வந்தது. ஒவ்வொன்றும் உட்கார்ந்து யோசித்துச் செய்த சொல்.

நம் பக்கத்தில் யாரும் உட்கார்ந்து யோசிக்கவில்லை. கலியாண வீட்டில் கிடந்த ஒரு முறைப்பெயரை எடுத்து நண்பன் தோளில் போட்டுவிட்டார்கள்.

*

அந்த முறைப்பெயரின் பழைய வடிவம் மைத்துனன். வடமொழியில் மணவுறவைக் குறிக்கும் 'மைதுன' என்பதோடு சேர்த்து இதைப் பார்ப்பது அகராதிக்காரர்கள் வழக்கம். எங்கிருந்து வந்தாலும், வந்த பிறகு அது தமிழன் வாயில் பட்ட பாடு சுத்தத் தமிழ்ப் பாடு. 'வைத்தான்' நம் வாயில் 'வச்சான்' ஆகிறது. 'தைத்தான்' 'தச்சான்' ஆகிறது. அதே அச்சில் மைத்துனன் மச்சுனன் ஆனான், மச்சினன் ஆனான், கடைசியில் தேய்ந்து மச்சான் ஆனான்.

யார் அவன்? அக்கா புருசன் மச்சான். பெண்டாட்டியின் அண்ணன் மச்சான். மாமன் மகனும் அத்தை மகனும் மச்சான். வெவ்வேறு உறவுகள் போலத் தோன்றினாலும் எல்லாருக்கும் ஒரு பொதுக்குணம் உண்டு: இவர்கள் எல்லாரும் பெண் எடுக்கவும் கொடுக்கவும் கூடிய பக்கம். சித்தப்பா மகனையும் பெரியப்பா மகனையும் அண்ணன் தம்பி என்கிறோம். மாமன் மகனை மட்டும் வேறு பெயர் சொல்லி அழைக்கிறோம். பிரெஞ்சு மானுடவியலாளர் லூயி துய்மோன் மதுரைப் பக்கத்துப் பிரமலைக் கள்ளர் நடுவில் தங்கி ஆராய்ந்து, தென்னிந்திய உறவுமுறையின் முதுகெலும்பே இந்தப் பிரிவுதான் என்று 1957இல் எழுதினார். இரத்தத்தால் வந்தவர்கள் ஒரு பக்கம், கலியாணத்தால் வந்தவர்கள் ஒரு பக்கம்.

தமிழன் இதை இன்னும் சுருக்கமாகச் சொல்வான். ஒரு பக்கம் பங்காளி, மறுபக்கம் மாமன் மச்சான். பங்காளி என்ற சொல்லிலேயே பங்கு இருக்கிறது. வயலில் பங்கு, வாய்க்கால் தண்ணீரில் பங்கு, கிணற்றில் பங்கு, கோயில் மரியாதையில் பங்கு. பங்கு இருக்கும் இடத்தில் வழக்கும் இருக்கும். மச்சானுக்கு நம் காணியில் ஒரு சாண் கிடையாது. நமக்கும் அவன் காணியில் கிடையாது. அதனால்தான் மச்சானோடு கேலி பேசலாம், அண்ணனோடு பேச முடியாது. அண்ணன் எதிரே வந்தால் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட வேண்டும். மச்சான் வந்தால் அவன் வேட்டியை இழுக்கலாம்.

இந்தச் சொல்லுக்கு இன்னொரு முகமும் உண்டு. பெண் வாயில் மச்சான் என்றால் காதலன், கட்டிக்கொள்ளப் போகிறவன், கட்டியவன். ஆண்டாள் தன் கனவில் கைபிடிக்க வந்த கண்ணனை மைத்துனன் என்ற சொல்லால்தான் குறிக்கிறாள். நாட்டுப்பாடலும் சினிமாப்பாட்டும் அவள் போட்ட பாதையில்தான் போகின்றன. அதே சொல்லை ஓர் ஆண் இன்னோர் ஆணைப் பார்த்துச் சொன்னால் காதல் முழுவதும் வடிந்துவிடுகிறது, பிரியம் அப்படியே தங்கிவிடுகிறது. ஒரே பாத்திரம், ஊற்றுகிற கையைப் பொறுத்து உள்ளே இருப்பது மாறுகிறது. உலகம் இரண்டு சொல் தேடிய இடத்தில் தமிழ் ஒரு சொல்லை வைத்தே சமாளித்தது.

*

இப்போது லக்கலவுக்குத் திரும்ப வேண்டும். பங்காளிக்கும் மச்சானுக்கும் உள்ள தூரத்தை இந்தப் பக்கத்தில் ஒரு தமிழர் காகிதத்தில் எழுதி வைத்திருக்கிறார்.

ஸ்டான்லி ஜெயராஜ் தம்பையா 1929இல் பிறந்த தமிழ்க் கிறிஸ்தவர். இலங்கைப் பல்கலைக்கழகத்தில் படித்து, அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் 1954இல் கலாநிதிப் பட்டம் பெற்று, திரும்பி வந்து சமூகவியல் கற்பித்தவர். பிற்காலத்தில் ஹார்வர்ட் பேராசிரியர். கண்டிச் சிங்களக் கிராமங்களின் காணியையும் கலியாணத்தையும் பற்றி அவர் எழுதியவற்றில் ஒன்று, 1966இல் ஒரு தொகுப்பு நூலில் வந்த கட்டுரை. இலங்கையில் ஒரு பெண்ணை ஒன்றுக்கு மேற்பட்டவர் மணக்கும் வழக்கம் பற்றி, லக்கலப் பகுதியைச் சிறப்பாக எடுத்துக்கொண்டு எழுதப்பட்டது.

சிங்களத்தில் அந்த வழக்கத்துக்கு ஒரு நாகரிகமான பெயர் இருந்தது: 'எக கே காம', ஒரே வீட்டில் சாப்பிடுதல். பெரும்பாலும் சகோதரர் இருவர் ஒரே பெண்ணோடு ஒரே கூரைக்குக் கீழ் வாழ்வார்கள். 1859இல் பிரிட்டிஷ் அரசு சட்டம் போட்டுத் தடை செய்தது. சட்டம் மலை ஏறி வர நாளாகும் என்பதால் லக்கல போன்ற ஒதுக்குப்புறங்களில் அது 20ஆம் நூற்றாண்டிலும் மிச்சமிருந்தது. ஏன் அப்படி ஓர் ஏற்பாடு? கேம்பிரிட்ஜ் மானுடவியலாளர் எட்மண்ட் லீச் 1955இல் ஒரு விளக்கம் சொன்னார். கண்டிச் சிங்களவரிடையே மகளுக்கும் சொத்துரிமை உண்டு. சகோதரர் இருவர் வெவ்வேறு வீட்டில் பெண் எடுத்தால் இரண்டு பெண்டாட்டி, இரண்டு சீதனம், இரண்டு வாரிசு வரிசை. அடுத்த தலைமுறையில் வீடு இரண்டாகும், வயல் துண்டாகும். ஒருத்தியின் பிள்ளைகளே இருவருக்கும் வாரிசு என்றால் சகோதரர் பிரிய மாட்டார்கள்.

இந்த விளக்கத்தை இன்னொரு முறை திருப்பிப் படித்துப் பாருங்கள். கூடப் பிறந்தவர்கள் ஒற்றுமையாக இருக்க என்ன பாடு பட வேண்டியிருக்கிறது! அண்ணன் தம்பி பாசம் தானாக வருவது என்று நாம் பாடிக்கொண்டிருக்கிறோம். மலைக்காட்டு விவசாயிக்கு அது தானாக வராது என்று தெரிந்திருந்தது.

மச்சினன் கதை வேறு. சிங்களத்தில் 'மஸ்ஸினா'. நம் மைத்துனனின் அதே பொருள்: மாமன் மகன், அத்தை மகன், மனைவியின் சகோதரன். சிங்கள உறவுமுறையின் கட்டமைப்பு கிட்டத்தட்ட நம்முடையதுதான். அம்மாவும் அக்காவும் மாமாவும் சொல்லிலேயே ஒன்று. 1954இல் அனுராதபுரப் பக்கத்துப் புல் எலிய கிராமத்தில் தங்கிய லீச், 1961இல் வந்த தன் நூலில் கண்டதும் இதுதான்: ஒரே தகப்பன் காணிக்கு உரிமைக்காரரான சகோதரரிடையே விறைப்பு, மச்சினன்மாரிடையே ஒத்தாசை. கண்டிப் பகுதியில் 'பின்ன' என்று ஒரு கலியாணம் உண்டு. மாப்பிள்ளை பெண் வீட்டோடு போய்த் தங்குவான். அவன் எந்நேரமும் ஒரு கைத்தடி, ஓலைக்குடை, தீப்பந்தம் மூன்றையும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்க வேண்டும் என்று சொல்வார்கள். மாமனார் போ என்றால் இரவானாலும் மழையானாலும் கிளம்ப வேண்டுமே! அப்படிப்பட்டவனுக்கு அந்த வீட்டில் பேச்சுத்துணை யார்? பெண்டாட்டியின் சகோதரன்தான். நெல் விதைப்புக்கும் அறுப்புக்கும் 'அத்தம்' என்று மாறி மாறி உழைப்புக் கொடுக்கும் முறையில் பக்கத்து வரப்பில் நிற்பவனும் பல வேளை அவன்தான்.

நண்பனுக்கு ஏன் அண்ணன், தம்பி என்ற சொற்களைவிட மச்சான் ஒட்டிக்கொண்டது என்ற கேள்விக்கு விடை இந்த வரப்பில் கிடக்கிறது. கேட்க உரிமை இல்லாதவன் வந்து நிற்கிறான். கொடுக்கக் கடமை இல்லாதவன் கொடுக்கிறான். அவனை வியந்து பார்த்தாலும் நம் பங்கு குறையாது. பங்கில்லாத இடத்தில்தான் பொறாமையில்லாத வியப்பு முளைக்கும்.

தம்பையாவின் வாழ்க்கையிலேயே இதற்கு ஒரு சாட்சி உண்டு. 1963 முதல் 1972 வரை அவரும் லீச்சும் கேம்பிரிட்ஜில் ஒரே துறையில் இருந்தார்கள். இருவரும் எழுதியது ஒரே சமூகத்தை, ஒரே காணிச் சிக்கலை, ஒரே கலியாண வழக்கத்தை. படித்தவர் உலகில் அது பங்காளிச் சண்டைக்குப் போதுமான காரணம். லீச் 1989இல் காலமானார். பதின்மூன்று ஆண்டு கழித்து, 2002இல், எழுபத்து மூன்று வயதில் தம்பையா எட்மண்ட் லீச்சின் வாழ்க்கையையும் சிந்தனையையும் பற்றி ஐந்நூறு பக்கத்துக்கு மேல் ஒரு புத்தகம் வெளியிட்டார். கைத்தடியும் குடையும் எடுத்துக்கொண்டு கிளம்பிப்போன நண்பனைப் பற்றி, அவன் இல்லாத வீட்டில் உட்கார்ந்து ஒருவர் மெதுவாகச் சொல்லிய புகழ்ச்சி அது.

*

முறைப்பெயர் எப்போது வீட்டுப்படி தாண்டி நண்பனிடம் போனது என்று தேதி சொல்ல யாராலும் முடியாது. போன பாதை மட்டும் தெரியும், ஏனென்றால் தமிழில் அது பழைய பாதை. 'கேள்' என்றால் உறவு. கேளிர் என்றால் உறவினர். அதிலிருந்து பிறந்த கேண்மை என்ற சொல்லை வள்ளுவர் காலத்திலேயே நட்புக்கு எடுத்துக்கொண்டார்கள். உறவின் சொல்லைக் கழற்றி நண்பனுக்கு மாட்டுவது நமக்குப் புதிதல்ல.

கதைகளிலும் இருக்கிறது. அர்ச்சுனன் கண்ணனுக்கு அத்தை மகன், குந்தி வசுதேவரின் கூடப் பிறந்தவள். பிறகு சுபத்திரையைக் கட்டியதால் தங்கை புருசனும் ஆனான். இரண்டு வழியிலும் மச்சான். பாரதத்தைக் கேட்ட தமிழனுக்கு அவர்கள் முறையைக் காட்டிலும் நட்புத்தான் நினைவில் நிற்கும். 1917இல் வந்த 'கண்ணன் பாட்'டில் பாரதி கண்ணனைத் தோழனாகப் பாடும்போதும் அர்ச்சுனன் வாயில்தான் அந்த வியப்பை வைக்கிறார். அண்ணன் பலராமனுக்குக் கண்ணனிடம் கிடைக்காத இடம் மச்சானுக்குக் கிடைத்தது.

வீதிக்கு வந்தபோது இந்தச் சொல் அடியும் வாங்கியது. மச்சான் என்று அழைத்தால், உன் வீட்டில் பெண் எடுக்கத் தகுந்தவன் நான் என்று ஒரு அர்த்தம் உள்ளே இருக்கிறதே. "யாருக்கு யாருடா மச்சான்?" என்று சட்டையைப் பிடித்த ஊர்கள் உண்டு, சாதி பார்க்கிற இடத்தில் இன்றும் அது ஆபத்தான சொல். அதே காரணத்தால் அது பெரிய மரியாதையும் ஆனது. தென் தமிழ்நாட்டில் பல ஊர்களில் இந்துக்களும் முஸ்லிம்களும் ஒருவரை ஒருவர் மாமன், மச்சான் என்றுதான் கூப்பிடுகிறார்கள். பெண் எடுப்பதும் இல்லை, கொடுப்பதும் இல்லை. எடுத்திருக்கலாம் என்ற அளவுக்கு உன்னை மதிக்கிறேன் என்பதை அந்த ஒரு சொல் சொல்லிவிடுகிறது. மலேசியாவில் மலாய்க்காரரும் சீனரும் தமிழ் நண்பனை 'மச்சா' என்று அழைக்கிறார்கள். பெங்களூரிலும் 'மச்சா'தான்.

*

ஆனால் இந்தச் சொல் முழுசாகப் பிறந்தது, தமிழை விட்டு வெளியேறிச் சிங்களத்துக்குள் போன பிறகுதான் என்பது என் எண்ணம்.

பேச்சுச் சிங்களத்தில் சொல்லின் கடைசியில் வரும் 'ன்' மூக்கின் ஆழத்துக்குப் போய் 'ங்' ஆகிவிடும். மச்சான் அங்கே மச்சாங் ஆனான். எழுதும்போது இன்னும் குறுகி 'மசங்' போல நிற்பான். இதில் கவனிக்க வேண்டியது ஒலியைவிடப் பெரிய ஒன்று. உறவைச் சொல்ல அவர்களிடம் ஏற்கெனவே மஸ்ஸினா இருந்தது. மாமன் மகனை, பெண்டாட்டியின் சகோதரனைக் குறிக்கும் வேலையை அது பார்த்துக்கொண்டது. ஆகவே புதிதாக வந்த மச்சாங் கையில் உறவு வேலை எதுவும் இல்லை. அதற்குக் கிடைத்தது நட்பு ஒன்றுதான். தமிழில் மச்சான் என்றால் "சொந்தமா, சிநேகிதமா?" என்று கேட்க வேண்டியிருக்கிறது. சிங்களத்தில் மஸ்ஸினா வீட்டுக்குள், மச்சாங் வீதியில். கலியாணம், காணி, சீதனம் எல்லாவற்றையும் எல்லையில் இறக்கி வைத்துவிட்டு, வெறும் பிரியத்தை மட்டும் தூக்கிக்கொண்டு அந்தச் சொல் அக்கரை போயிருக்கிறது.

லக்கலவுக்கு இப்படி வந்து சேர்ந்தவை வேறும் உண்டு. நம் கண்ணகி பத்தினித் தெய்வமாகச் சிங்களக் கிராமங்களில் வழிபடப்படுவதை ஆராய்ந்து கணநாத் ஒபேசேகர 1984இல் ஒரு பெரிய நூல் எழுதினார். அவருடைய களங்களில் ஒன்று லக்கலப் பகுதியின் ரம்பதெனிய. மதுரையை எரித்தவள் இந்த மலைக்கு வந்து மழையும் விளைச்சலும் தருகிறாள். கலியாண வீட்டு மச்சான் இந்த மலைக்கு வந்து பஸ்சில் இடம் பிடிக்கிறான்.

இந்த நாட்டில் இதைச் சொல்லிவிட்டுச் சும்மா போக முடியாது. 1956இல் கல்லோயாவில் மாணவர்களோடு ஆய்வுக்குப் போயிருந்த தம்பையா, சுதந்திரத்துக்குப் பிந்திய முதல் இனக்கலவரத்தின் நடுவில் மாட்டிக்கொண்டார். 1960இல் நாட்டை விட்டுப் போனார். தமிழருக்கு எதிரான 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு, 1986இல், இலங்கையின் அவலத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதன் தலைப்பில் அவர் வைத்த சொல் 'சகோதரக் கொலை' என்ற பொருள் தருவது. லக்கலவில் ஒரே வீட்டில் சாப்பிட்ட சகோதரரைப் பற்றி எழுதிய அதே கை எழுதிய சொல். இரண்டு இனமும் சகோதரர்கள் என்று மேடையில் பேசாத அரசியல்வாதி இல்லை. அது நல்ல பேச்சுத்தான். ஆனால் சகோதரன் என்றால் பங்கு வரும், எல்லைக்கல் வரும், மூத்தவன் யார் என்ற கேள்வி வரும்.

அந்த 1983 ஜூலையில் கண்டியில் ஒரு சிங்களக் குடும்பம் முப்பத்தைந்து தமிழ் நண்பர்களைத் தன் வீட்டில் ஒளித்து வைத்துக் காப்பாற்றியது. அந்த வீட்டுப் பையனுக்கு அப்போது ஐந்து வயது. விளையாட இத்தனை பேர் ஒரே நேரத்தில் வீட்டுக்கு வந்துவிட்டார்களே என்று அவனுக்குச் சந்தோசம். 2011இல் லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் ஆற்றிய உரையில் இதைச் சொன்னவர் கிரிக்கெட் வீரர் குமார் சங்கக்கார. அவர் பிறந்த ஊர் மாத்தளை.

அவரும் மஹேல ஜயவர்த்தனவும் 2006 ஜூலையில் கொழும்பில் தென்னாபிரிக்காவுக்கு எதிராக 624 ஓட்டங்கள் சேர்த்ததை நினைத்துக்கொள்ளுங்கள். 14 ஓட்டத்துக்கு இரண்டு விக்கெட் போன நேரத்தில் சேர்ந்தார்கள். சங்கக்கார 287, மஹேல 374. டெஸ்ட் வரலாற்றில் எந்த விக்கெட்டுக்கும் அதுவரை யாரும் அவ்வளவு சேர்த்ததில்லை. ஒரே அணி, ஒரே தலைமுறை, ஒரே தலைவர் பதவி. எல்லாம் பங்காளிச் சாமான்கள். எதிர் முனையில் நிற்பவன் அடிக்க, அதை ரசித்துக்கொண்டு நிற்கத் தெரிந்தவர்களால்தான் அவ்வளவு நேரம் சேர்ந்து நிற்க முடியும். 2008இல் இத்தாலிய இயக்குநர் ஊபெர்த்தோ பசோலினி ஒரு படம் எடுத்தார். ஹேண்ட்போல் அணி என்று பொய் சொல்லி 2004இல் ஜெர்மனிக்குப் போய், ஆட்டங்களில் தோற்று, பிறகு காணாமல் போன 23 இலங்கையரின் உண்மைக் கதை. பந்தைத் தொட்டே பழகாதவர்கள் ஒருவரை நம்பி ஒருவர் விமானம் ஏறிய கதைக்கு அவர் வைத்த பெயர் 'மச்சான்'.

*

ஒரு குறை இருக்கிறது. அது பெண்களுடைய குறை.

யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் மச்சாள் என்ற அழகான சொல் இருக்கிறது. மாமன் மகள், அத்தை மகள், அண்ணன் மனைவி எல்லாரும் மச்சாள். சிங்களத்தில் அவளுக்கு 'நேனா' என்று பெயர். இரண்டு சொல்லும் அடுப்படி தாண்டவில்லை. மச்சான் தேத்தண்ணிக் கடைக்கும் மைதானத்துக்கும் மொழி கடந்தும் போனபோது மச்சாள் கலியாண வீட்டிலேயே நின்றுவிட்டாள். பெண்களுக்கு அந்த மயக்கம் இல்லாமல் இல்லை. பின்னலை முன்னால் போட்ட ஏழு பேரை மறந்துவிடாதீர்கள். அவர்களுக்குத் தேத்தண்ணிக் கடை இல்லை, பின்னிரவு பஸ் இல்லை, சும்மா உட்கார்ந்திருக்க ஒரு மதகு இல்லை. சொல் வளர இடம் வேண்டும். இப்போது சென்னைக் கல்லூரிகளில் பெண்கள் தங்களுக்குள் "மச்சி" என்று கூப்பிட்டுக்கொள்வதைக் கேட்டால் சில பெரியவர்களுக்குக் காது கூசுகிறது. எனக்கு, தாமதமாகப் பிறந்த ஒரு பிள்ளையின் அழுகை போல, கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

*

கோப்பெருஞ்சோழன் உறையூரை ஆண்டவன். பிசிராந்தையார் பாண்டிய நாட்டுப் புலவர். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. கேள்விப்பட்ட வியப்பு ஒன்றே அவர்களைக் கட்டியிருந்தது. சோழனுக்குப் பெற்ற மக்களோடு அரசுப் பங்கில் தகராறு. மனம் வெறுத்து வடக்கிருந்து உயிர்விடத் துணிந்தான். அப்போது அவன் சொன்னதைப் புறநானூறு பதிந்து வைத்திருக்கிறது: ஆந்தை வருவான், அவனுக்குப் பக்கத்தில் இடம் விட்டு வையுங்கள். சுற்றியிருந்தவர்கள் நம்பவில்லை. அவர் வந்தார். விட்டு வைத்த இடத்தில் உட்கார்ந்தார்.

பங்கு கேட்ட பிள்ளைகள் ஒரு பக்கம், இடம் பிடித்து வைத்த நண்பன் ஒரு பக்கம். அன்று மச்சான் என்ற சொல் நண்பனிடம் வந்து சேர்ந்திருக்கவில்லை. ஆனால் அதன் வேலை தொடங்கிவிட்டது.

உங்களுக்கும் அப்படி ஒருவர் இருப்பார். உங்கள் 'க'வின் வளைவைப் பாருங்கள், அது யாருடையது என்று தெரியும். அவர் தூங்கும்போது அடுத்த இருக்கைக்காரரிடம் சொல்லி வைத்திருப்பதை, அவர் விழித்திருக்கும்போது ஒரு தடவை அவரிடமே சொல்லிவிடுங்கள். கூச்சமாக இருந்தால் பாதகமில்லை, சொல்லி முடித்ததும் மச்சான் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். மிச்சத்தை அந்தச் சொல் பார்த்துக்கொள்ளும்.